பால்சுறாப் புட்டும் ஐம்பத்திரண்டு கிலோவும்

குழந்தை தானாகப் பாலை மறக்கும்வரை காத்திருக்க வேண்டுமா, நாமாக மறக்கடிக்கலாமா? என் மகள் சுவரைப் பிடித்து நடக்கத் தொடங்கிவிட்டாள். எனக்கு இன்னும் விடை தெரியவில்லை.

கல்யாணத்துக்கு முன்பு நான் ஜூடோ வீராங்கனை. பள்ளி நாட்களிலேயே விளையாட்டு விடுதியில் சேர்ந்து தேசிய அணிவரை போனவள். ஐம்பத்திரண்டு கிலோ எடைப் பிரிவு. போட்டிக்கு முன்னால் எடை பார்ப்பார்கள். அதற்காக மழைக்கோட்டை மாட்டிக்கொண்டு ஓடுவோம், தண்ணீர்கூடக் குடிக்காமல் உடம்பை வற்ற வைப்போம். எடை மேடையிலிருந்து இறங்கியதும் குடிக்கும் முதல் வாய்த் தண்ணீரின் ருசி இப்போதும் நாக்கில் இருக்கிறது.

அதைவிட நான் ஏங்குவது, எதிராளியின் காலர் என் கைக்குள் சரியாக வந்து உட்காரும் அந்தக் கணத்துக்கு. அவள் எந்தக் காலில் நிற்கிறாள், எந்தப் பக்கம் சாயப் போகிறாள் என்று விரல்களுக்குத் தெரிந்துவிடும். யோசிக்கவே மாட்டேன். இப்போதோ மகள் தூங்கும்போது ஃபேனைக் கூட்டலாமா குறைக்கலாமா என்று எழுந்து எழுந்து பார்க்கிறேன்.

சம்பா நடவு நடந்துகொண்டிருந்த சமயம் என் பயிற்சியாளர் போன் செய்தார்.

"என்னடி, நல்லாத் தின்னு உருண்டுட்டியா?"

"ஆமா மேடம்."

"அடுத்த மாசம் தேர்வுப் போட்டி. ஒன் பிரிவுல இப்ப பெரிய ஆளு யாருமில்ல. தேறிட்டா நேரா முகாம்தான். வர்றியா?"

"மேல் பிரிவுல நிக்கலாமா மேடம்?"

"அங்க இருக்கிறவளுங்க ஒன்னைப் புடவை மாதிரி மடிச்சு வெச்சிடுவாளுங்க."

முகாம் வட மாநிலத்தில், வாரக்கணக்கில். கைக்குழந்தைக்கு அங்கே இடமில்லை. அதற்கு முன் எடை குறைய வேண்டும். உடம்பை வற்ற வைத்தால் பாலும் வற்றும். சிங்கப்பூரில் இருக்கும் கணவர், "உனக்கு எது சரின்னு படுதோ செய்" என்றார். எது சரி என்று படாததால்தானே அவரைக் கேட்டேன்.

மறுநாள் விடியலில் மழைக்கோட்டோடு வாய்க்கால் கரையில் ஓடத் தொடங்கினேன். மாமியார் எனக்காகச் செய்துவைக்கும் பால்சுறாப் புட்டைத் தொடவில்லை. பால் ஊறுவதற்காகவே அதிராம்பட்டினத்திலிருந்து மொபெட்டில் வரும் மீன்காரரிடம் சொல்லிவைத்து வாங்குகிற மீன் அது.

"எடைய ஒழுங்காப் போடுப்பா. எம் மருமவ ஆளத் தூக்கி அடிக்கிறவ" என்று அவரை மிரட்டுவார்.

"அப்ப நீங்க எப்புடிம்மா அவங்ககூட ஒரே வீட்டுல இருக்கீங்க?" என்பார் மீன்காரர்.

புட்டு மிஞ்சுவதையும் நான் ஓடுவதையும் மாமியார் பார்த்துக்கொண்டுதான் இருந்தார். ஒரு வாரம் போயிருக்கும். ஓடிவிட்டு வந்தபோது சமையல் மேடையில் புட்டுக் கிண்ணம் இருந்தது. பக்கத்திலேயே இன்னொரு கிண்ணத்தில் அரைத்த வேப்பிலை. எங்கள் பக்கம் பால் மறக்கடிக்க மார்பில் தடவுவது அதைத்தான்.

"அத்தை, இது..."

"எது வேணுமோ எடுத்துக்க. கசப்பத் தடவுனா ரெண்டு நாள் அழுவா. நான் பாத்துக்கறேன். அப்பறம் என்னக் கொற சொல்லாத."

திட்டியிருந்தால்கூட எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். வேப்பிலையை எடுத்தேன்.

மகள் வாய் வைத்தாள். முகம் சுருங்கியது. துப்பினாள். என்னை ஒருமுறை நிமிர்ந்து பார்த்தாள். பிறகு என் நைட்டியின் கழுத்துப் பட்டியைச் சின்ன முஷ்டியால் இறுக்கிப் பிடித்துக்கொண்டு, அந்தக் கசப்போடேயே குடிக்க ஆரம்பித்தாள்.

மாமியார் சிரித்தே விட்டார். "ஒம் மவடி. விடுவாளா?"

எத்தனையோ பேருடைய பிடியை உடைத்திருக்கிறேன். அன்று அந்த விரல்களை நான் விலக்கவில்லை. ஆனால் மறுநாளும் மழைக்கோட்டை மாட்டிக்கொண்டு ஓடப் போனேன். பயிற்சியாளரிடம் நான் வரவில்லை என்று சொல்லவும் இல்லை.

வேலைக்காகவோ படிப்புக்காகவோ பால்குடிக் குழந்தையைச் சில வாரம் விட்டுப் பிரிந்த அம்மாக்கள் இதைப் படித்தால் எனக்கு எழுதுங்கள். பாலை எப்படி நிறுத்தினீர்கள்? திரும்பி வந்தபோது குழந்தை உங்களிடம் வந்ததா? போகாமல் இருந்துவிட்டவர்களும் எழுதுங்கள். அந்த ஏக்கம் எப்போது அடங்கியது என்று மட்டும் சொன்னால் போதும்.