நாலு வரி தாண்டிய விரல்

போன சனிக்கிழமை பகல் பதினொன்றே முக்காலுக்கு என் கை நடுங்கியது. சித்திரபுரத்து மலைக்குளிரில் யாருக்குத்தான் நடுங்காது என்பீர்கள். இது அந்த நடுக்கம் இல்லை. என் கையில் பேனா இருந்தது. எதிரே பதினோரு பெண்கள். பன்னிரண்டு மணிக்கு எஸ்டேட் ஆபீஸைப் பூட்டிவிடுவார்கள்...

முதலிலிருந்து சொல்கிறேன். பதற்றத்தில் எழுதினால் நான் பாதியில்தான் ஆரம்பிப்பேன் — பத்திரிகையில் என்னைத் தொடர்ந்து வாசிக்கிற உங்களுக்குத் தெரியாததா?

எங்கள் மின்சார வாரிய குவார்ட்டர்ஸுக்குக் கீழே ஒரு தேயிலை எஸ்டேட். சிலோனிலிருந்து கப்பலேறி, மண்டபம் முகாமில் கிடந்து, ஆறு மாதத்துக்கு முன் சில குடும்பங்கள் அங்கே வேலைக்கு வந்து சேர்ந்தன. சர்க்கார் இவர்களைத் 'தாயகம் திரும்பியோர்' என்கிறது. அவர்களில் ஒருத்தி லெச்சுமி. அவள் பிறந்தது சிலோனில். அவள் அம்மா பிறந்ததும் அங்கேதான். இவள் எங்கே போய் எங்கே திரும்பினாள்? பக்கத்து லயத்துக்காரர்கள், அதாவது எஸ்டேட் வரிசை வீடுகளில் இருப்பவர்கள், 'அகதிங்க' என்கிறார்கள். அதுவாவது உண்மைக்குக் கொஞ்சம் கிட்டே இருக்கிறது.

ஞாயிற்றுக்கிழமைகளில் இந்தப் பெண்கள் எங்கள் வீட்டு முன்னறைக்கு வருவார்கள். குவார்ட்டர்ஸில் நாங்கள் நாலைந்து பேர் சேர்ந்து கையெழுத்துப் போடச் சொல்லித் தருகிறோம். (சமூக சேவை! அதில் எனக்குக் கொஞ்சம் பெருமை வேறு.) முதல் வாரமே லெச்சுமி சொல்லிவிட்டாள்:

"எழுதப் பழகிக்கிறோம்மா. ஆனா எந்தப் பேப்பருலயும் போட மாட்டோம்."

இதென்ன கூத்து என்று சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை.

"அங்கன தோட்டத்துல கிளாக்கரய்யா ஒரு பேப்பர் கொண்டாந்தாரு. அரிசிக் கூப்பனுக்குன்னாரு. கைநாட்டு வச்சேன். ஒரு வருசம் கழிச்சு, நீ இந்தியாவுக்குப் போறேன்னு எழுதிக் குடுத்திருக்கியே, பொறப்படுங்கறாங்க. மூத்த மக வேற தோட்டத்துல வாக்கப்பட்டிருந்தா. அவளுக்கு அந்த நாடு, எனக்கு இந்த நாடு. ஒரு ரேகைம்மா... ஒரே ஒரு ரேகை."

காபி போட்டுக் கொடுத்தேன். எனக்குப் பதில் தெரியாதபோதெல்லாம் காபி போடுவது வழக்கம்.

சனிக்கிழமைக்கு வருகிறேன். எஸ்டேட்டில் ஆளுக்கொரு பேப்பர் கொடுத்திருந்தார்கள், இந்த மலையாள தேசத்து வழக்கப்படி மலையாளத்தில். பன்னிரண்டு மணிக்குள் கைநாட்டு வைத்துக் கொடுத்தால்தான் பெயர் செக்ரோலில் நீடிக்கும். செக்ரோல் என்றால் தினமும் காலையில் பெரட்டில், அதாவது ஆட்களை வரிசையாக நிறுத்தும் இடத்தில், பெயர் கூப்பிடுகிற புத்தகம். அதில் பெயர் இல்லையென்றால் வேலை இல்லை. வேலை இல்லையென்றால் லயத்தில் வீடும் இல்லை. வெளியே பத்து நாளாக விடாமல் மழை.

பதினோரு பேரும் பேப்பரைத் தொடவே பயந்துகொண்டு என் வீட்டில் வந்து நின்றார்கள். எனக்கோ உற்சாகம். கல்பாத்தியில் பிறந்தவளுக்கு மலையாளம் ஒரு விஷயமா? பேச்சு தண்ணீர் பட்ட பாடு. வாசிக்கும்போது மட்டும் வரிக்கு வரி விரல் வைத்தாக வேண்டும். விரலை ஓட்டி, தமிழில் மாற்றிச் சொல்லிக்கொண்டே போனேன். பெயர், ஊர், வேலை, கூலி... முடிந்தது. மை டப்பாவைத் திறந்தேன்.

லெச்சுமி நகரவில்லை. பேப்பரில் ஓர் இடத்தைத் தொட்டாள்.

"உங்க வெரலு இங்கருந்து அங்க தாண்டிருச்சும்மா. இந்த நாலு வரிக்கு நீங்க வாயத் தொறக்கலியே?"

எனக்குச் சுருக்கென்றது. கோபமும் வந்தது. நேரம் போய்க்கொண்டிருக்கிறது, இவள் என்னைப் பரீட்சை பண்ணுகிறாளா?

"அதெல்லாம் கோர்ட்டு பாஷை, லெச்சுமி. எல்லாப் பேப்பர்லயும் இருக்கறதுதான். ஒண்ணுமில்லை."

"ஒண்ணுமில்லாததுக்கு எதுக்கும்மா நாலு வரி?"

வாசித்தேன். இந்த முறை எழுத்தெழுத்தாக. இது தற்காலிக வேலை. நிர்வாகம் எப்போது சொன்னாலும் மூன்று நாளில் வீட்டைக் காலி செய்வேன். எந்த உரிமையும் கேட்க மாட்டேன். இதை முழு மனதோடு எழுதிக் கொடுக்கிறேன்.

கிளாக்கர் ஐயாவாவது வேண்டுமென்றே செய்திருப்பார். நான் அவசரத்தில் அதையே செய்ய இருந்தேன். வெட்கமாக இருந்தது, இன்னமும் இருக்கிறது.

இப்போது என்ன செய்வது? வைத்தால் என்றைக்கோ ஒருநாள் தெரு. வைக்காவிட்டால் இன்றைக்கே தெரு. கைக்குழந்தையோடு நின்ற செல்லம்மா அழ ஆரம்பித்தாள்.

"வச்சிருவோம்க்கா. இந்த மழையில புள்ளைய எங்க தூக்கிட்டுப் போறது?"

சுவர்க் கடிகாரத்தில் பதினொன்றே முக்கால். பிறகு லெச்சுமி என் பேனாவை எடுத்து என் கையிலேயே வைத்தாள்.

"அந்த நாலு வரியையும் அடிச்சுக் குடுங்கம்மா. மத்ததுக்கு நாங்க கைநாட்டு வக்கிறோம்."

அங்கேதான் கை நடுங்கியது. அடுத்தவர் அச்சடித்த பேப்பரில் நான் கோடு போடலாமா? என் வீட்டுக்காரர் சர்க்கார் உத்தியோகம். ஒரு மொட்டைக் கடுதாசி போதும், எந்த மூலைக்கு வேண்டுமானாலும் தூக்கி அடிப்பார்கள். அவள் கேட்பது ஒரு கோடு. அதற்கு நான் இத்தனை கணக்குப் போடுகிறேன்!

அடித்தேன். பதினோரு பேப்பர், நாற்பத்து நாலு வரி. மீதிக்குக் கீழே பதினோரு ரேகை. கடைசிப் பேப்பரில் மை காய்வதற்குள் எல்லோரும் மேட்டிலிருந்து வழுக்கிக்கொண்டே ஓடினோம்.

ஆபீஸ் ரைட்டர் பூட்டும் கையுமாக நின்றார். மலையாளி. கெட்டவர் இல்லை, பயந்தவர். ஒவ்வொரு பேப்பராகப் பார்த்துவிட்டு, "இது எந்தா சேச்சி?" என்றார். மலையாளம் தெரிந்த நான் புடவைத் தலைப்பைப் பிழிவதில் மும்முரமானேன்.

லெச்சுமிதான் முன்னால் வந்தாள். "எங்களுக்கு வாசிச்சுக் காட்டுனதுக்கு மட்டும் ரேகை வச்சிருக்கோம் ஐயா. அடிச்சதுக்கு வக்கல."

அவர் கொஞ்சம் தலையைச் சொறிந்தார். "மானேஜர் திங்களாழ்ச்ச வரும். எனிக்கு ஒண்ணும் பறயான் இல்லா," என்று, தன் பொறுப்பில் எதுவும் சொல்ல மாட்டாதவராய்ப் பேப்பர்களை வாங்கி உள்ளே வைத்துப் பூட்டினார்.

திங்கள் போயிற்று. செவ்வாய் போயிற்று. 'சரி' என்றும் சொல்லவில்லை, 'இல்லை' என்றும் சொல்லவில்லை. காலையில் பெரட்டுச் சங்கு ஊதியதும் அடுப்படியை விட்டுவிட்டு ஓடுகிறேன். பால் பொங்கி வழிவதைக்கூடப் பார்க்காமல் ஜன்னலில் நிற்கிறேன். கூடையோடு பதினோரு தலைகள் மலையேறுகின்றனவா என்று எண்ணுகிறேன். இன்று புதன். பதினொன்றும் ஏறின. நாளை?

இதையெல்லாம் பத்திரிகையில் எழுதப்போகிறேன் என்றதும் லெச்சுமி ஒன்றே ஒன்றுதான் கேட்டாள். "அனுப்பறதுக்கு முந்தி எனக்கு வாசிச்சுக் காட்டுங்க. வெரலு வச்சு."

சற்றுமுன் வாசித்தேன், சனிக்கிழமையிலிருந்து இன்று வரை ஒரு வரி விடாமல். அவள் கண் என் விரலை விட்டு நகரவில்லை. முடித்ததும், தப்பித்தோம் என்று பேனாவை மூடினேன்.

"மூத்த மகன்னு மட்டும் எழுதியிருக்கீங்களே, அவ பேரு எங்கம்மா? யாராச்சும் இதக் கொண்டுபோயி அங்கன வாசிச்சா, தன்னத்தான் சொல்றாங்கன்னு அவளுக்கு எப்படித் தெரியும்?"

மறுபடியும் தாண்டியிருக்கிறேன்!

சரோஜா. இதோ, எழுதிவிட்டேன் லெச்சுமி... சரோஜா.