இடம் மாறிய பட்டன்கள்

குமுளி ஜீப் ஸ்டாண்டில் டீ இல்லாமல்கூட ஒரு நாள் ஓடிவிடும், சந்தேகம் இல்லாமல் ஓடாது. யார் வரிசையைத் தாண்டினான், யார் எந்த ஹோட்டல்காரனிடம் தனியாகப் பேசி வைத்திருக்கிறான் என்று எல்லோரும் எல்லோரையும் நோட்டம் விட்டுக்கொண்டே இருப்போம். முறை வரும்வரை நாங்கள் நாலு டிரைவர்கள் ஒரே அணியாகப் போனில் துப்பாக்கிச் சண்டை ஆடுவோம். பயணிகள் பேரம் பேச வந்தால், பக்கத்தில் இருப்பவன் போனை வாங்கி அவனுக்காக ஆட வேண்டும். அது எங்கள் வழக்கம்.

மழைக்காலம், சவாரி இல்லை. கேமில் ஓடும்போதே சறுக்கி, அந்த வேகம் குறையுமுன் எகிறி, காற்றிலேயே திரும்பிச் சுடும் வித்தையை ஜீப்புக்குள் உட்கார்ந்து பழகினேன். இரண்டு கட்டைவிரல் போதவில்லை. குதிக்கும் பட்டனையும் சறுக்கும் பட்டனையும் திரையின் மேல்மூலைகளுக்கு மாற்றி, ஆள்காட்டி விரல்களிடம் கொடுத்தேன். சுவரில் முட்டி முட்டிச் செத்தேன். ஒருநாள் கை வந்துவிட்டது. அவ்வளவு சந்தோஷம் எனக்கு.

அணியில் வேறு யாருக்கும் இல்லை. "நேத்து வரைக்கும் எருமை மாதிரி நின்னவன், இன்னைக்கு எப்படிப்பா பறக்குறான்?" என்றார் அணித் தலைவர், எங்களில் மூத்த டிரைவர். ஏதோ திருட்டு ஆப் என்று பேச்சு கிளம்பியது. என்னைத் தூக்கிவிட்டு வேறு ஆளைச் சேர்ப்பதாகவும் காதில் விழுந்தது.

ஏலத்தோட்டம் பார்க்க ஒரு குடும்பம் வந்தது. வழக்கப்படி போனைப் பக்கத்திலிருந்த தலைவரிடம் நீட்டிவிட்டுப் பேரம் பேசப் போனேன். திரும்பினால், கத்திக்கொண்டிருக்கிறார்.

"பாருங்கப்பா, பட்டனெல்லாம் எடம் மாறிக் கெடக்கு! இது நம்ம கேமே இல்ல!"

விளக்கினேன். யார் காதில் ஏறும்? மறுநாள் அவரே என் ஜீப் ஓரம் வந்து குரலைத் தாழ்த்தினார். "தம்பி, அந்த ஆப்ப எனக்கும் ஏத்திக் குடு. வெளிய விட மாட்டேன்."

"ஆப்பே இல்லண்ணே. பட்டன மாத்திப் பழகணும். அம்புட்டுதான்."

அவர் போனிலும் அப்படியே மாற்றிக் கொடுத்தேன். சில தடவை சுவரில் மோதினார். ஆடத் தெரியாதவளுக்குக் கூடம் கோணல். "முக்கியமானத ஒளிச்சுக்கிட்ட, இல்ல?" என்று எழுந்து போய்விட்டார். திருடன் என்றதைக்கூடப் பொறுத்துக்கொண்டேன். பழகினேன் என்பதை நம்பாததுதான் வயிற்றெரிச்சல்.

அன்றே என் இடத்தில் வேறு ஆள். இப்போது தனியாக ஆடுகிறேன். பேரம் பேச யாராவது வந்தால், போனை சீட்டில் வைத்துவிட்டு இறங்குவேன். திரும்பி வருவதற்குள் திரையில் என் ஆள் நின்ற இடத்திலேயே செத்துக் கிடப்பான்.