ரசம் ஆறட்டும்

எங்கள் அத்தான் பால்வண்ணநாத பிள்ளைக்குக் காது என்று ஒன்று இருப்பது அவருடைய நாற்பத்தேழாவது வயதில்தான் தெரிந்தது. அதுவரைக்கும் மூக்கும் நாக்கும் மட்டுமே வைத்துக்கொண்டு மனுஷர் ராஜா மாதிரி திரிந்தார்.

அத்தான் தென்காசியில் கல்யாணச் சமையல்காரர். எங்கள் பக்கத்தில் தவசிப்பிள்ளை என்போம். என் அக்கா முத்துவடிவின் வீட்டுக்காரர். நான் அடுத்த வீட்டிலேயே வாழ்க்கைப்பட்டதால் அவர் அடித்த கூத்தையெல்லாம் உடனிருந்து பார்க்கக் கொடுத்துவைத்தவள். கொழுந்தியாள் சொல்கிறாளே, கூட்டிச் சொல்வாளோ என்று உங்களுக்குத் தோன்றலாம். கூட்டித்தான் சொல்லுவேன்.

அந்தக் காலத்தில் தென்காசி, இலஞ்சி, குற்றாலம் பக்கம் பெரிய வீட்டுக் கல்யாணம் என்றால் 'மேளம் யாரு?' என்பதுதான் முதல் கேள்வி. நல்ல செட்டு வருகிறது என்று தெரிந்தால், பத்திரிகை வைக்காதவர்கள்கூட செங்கோட்டையிலிருந்து நடந்து வந்து பந்தலுக்கு வெளியே நின்று கேட்பார்கள். அப்பேர்ப்பட்ட செட்டுகளெல்லாம் முன்பக்கம் வாசிக்க, பின்பக்கம் அடுப்படியில் இருபது வருஷமாகக் கரண்டி பிடித்தவர் அத்தான். நேற்று மேளம் எப்படி என்று யாராவது கேட்டால், "சத்தமா இருந்துச்சு" என்பார்.

மேளக்காரர்களை அவர் அறிந்ததெல்லாம் எச்சில் இலையை வைத்துத்தான். அவர்கள் உட்காருவது கடைசிப் பந்தி. பந்தி முடிந்ததும் யார் இலையில் என்ன மிஞ்சியது என்று ஒரு நோட்டம் விடுவார். ராயகிரி சொரிமுத்து செட்டு என்றால் எங்கள் பக்கத்துக்கே உயிர். அத்தானுக்கு மட்டும் ஆகாது.

"யாரு, சொரிமுத்தா? ரசத்தத் தொடாத ஆளுல்லா? ரசம் ருசிக்காதவன் என்னத்த வாசிச்சுக் கிழிக்கப் போறான்?"

இதில் ஒரு வழக்கத்தைச் சொல்லியாக வேண்டும். தாலி கட்டி முடிந்ததும் மேளக்காரர்கள் ஒரு ராகத்தை எடுத்து விரித்து வாசிப்பார்கள். சமையல்கட்டில் இலை போட்டதும் அங்கிருந்து ஓர் ஆள் வந்து 'இலை போட்டாச்சு' என்று சொல்வான். கல்யாண வீட்டுக்காரர் மேளத்தைப் பார்த்துக் கையைக் காட்டுவார். ராகம் எந்த இடத்தில் நின்றாலும் சரி, அப்படியே முடித்துக்கொண்டு அவர்கள் எழுந்து, சம்பந்தியைப் பந்திக்கு மேளத்தோடு கூட்டிப்போக வேண்டும். மேளம் முன்னால் இல்லாமல் சம்பந்தி இலையில் உட்காரமாட்டார். சம்பந்தி உட்காராமல் மற்றவர்கள் உட்காரக் கூடாது.

அத்தானோ ரசத்தில் நுரை அடங்குவதற்குள் பந்தி நடக்கவேண்டும் என்கிற ஆள். தாலி ஏறிய சூட்டோடு சூடாக அவருடைய ஆள் வந்து நின்றுவிடுவான். ஆக, அவர் சமைத்த எந்தக் கல்யாணத்திலும் எந்த ராகமும் பாதியைத் தாண்டியதில்லை.

ஐம்பத்தேழாம் வருஷம் ஆனி மாதம், குற்றாலத்தில் ஒரு பண்ணையார் பங்களாவில் கல்யாணம். மேளம், ராயகிரி சொரிமுத்து செட்டு. அந்த வருஷம் சாரல் முந்திக்கொண்டது. காற்று சாரலைப் பக்கவாட்டில் வாரியடித்ததில் கொட்டகைக்குள் அடுக்கியிருந்த விறகெல்லாம் ஊறிப்போனது. ஊதி ஊதி ஆட்களுக்குக் கண் சிவந்ததே தவிர அடுப்பு பிடிக்கவில்லை. காய்ந்த விறகுக்கு மேலகரத்துக்கு வண்டி போயிற்று. வாழ்நாளில் முதல் தடவையாக அத்தானுக்குக் கல்யாண வீட்டில் வேலை இல்லை. இலை போடவில்லை என்பதால் ராகத்தை நிறுத்தவும் ஆள் போகவில்லை.

அத்தான் தலையைத் தூக்கி, அவருக்குக் கையாளாக இருந்த பிச்சைமணியிடம் கேட்டாராம்.

"என்னலே அது?"

"மேளம், அண்ணாச்சி."

"தெனமும் வாசிக்கதுதானா?"

"தெனமும் வாசிக்கதுதான்."

நான் கூடத்தில் இருந்தேன். ஜன்னலுக்கு வெளியே பார்த்தால், சாரலில் நனைந்துகொண்டு, கையில் கரண்டியோடு, வாயைத் திறந்தபடி அத்தான் நிற்கிறார். காய்ந்த விறகு வந்துவிட்டது என்று பிச்சைமணி ஓடி வந்து கூப்பிட்டான். அத்தான் கரண்டியைத் தூக்கி அவனைச் சும்மா இருக்கச் சொன்னார். கடைசியில் பண்ணையாரே பொறுக்கமாட்டாமல் கையைக் காட்டித்தான் ராகம் பாதியில் நின்றது. அன்றைக்குப் பந்தி நடக்கும்போது குழந்தைகள் அழுது ஓய்ந்து தூங்கிவிட்டிருந்தன. பண்ணையார் வாய்க்கு வந்தபடி வைதார். அத்தான் சிரித்துக்கொண்டே தலையாட்டினார்.

வீட்டுக்கு வந்ததும் வராததுமாக, "ஏட்டி முத்துவடிவு, இப்படி ஒண்ணு இருக்குன்னு எனக்கு யாருமே சொல்லலையே" என்றார்.

அக்கா அவரை ஏற இறங்கப் பார்த்தாள். "நம்ம கல்யாணத்துக்கே ராயகிரி செட்டுதான வாசிச்சாங்க. சொரிமுத்து அப்ப எளவட்டம், அவுக அப்பாகூட வாசிச்சாக."

"நான் எங்க இருந்தேன்?"

"தாலியக் கட்டுன கையோட சாம்பார்ல உப்பு பாக்கப் போயிட்டீங்க."

அதற்குப் பிறகு அத்தானைப் பிடிக்க முடியவில்லை. சமையலுக்குக் கேட்டு வருகிறவர்களிடம் எத்தனை பேர் சாப்பாடு என்று கேட்பதற்கு முன்னால் மேளம் யார் என்று கேட்டார். வெற்றிலைபாக்குக் கடை, சலூன், பஸ் ஸ்டாண்டு என்று பார்க்கிறவர்களிடமெல்லாம், சொரிமுத்து என்று ஒருத்தர் இருக்கிறார், கேட்டிருக்கிறீர்களா என்று புதையல் எடுத்தவர் போலச் சொன்னார். ராயகிரிக்காரர் ஒருவரிடமே சொன்னார். அந்த மனுஷன், "எங்க வீட்டுக்கு அடுத்த வளவுதான் அவுக வீடு, அண்ணாச்சி" என்றாராம். அவர் கையை அத்தான் விடவே இல்லையாம்.

குற்றாலத்தில் எண்ணெய் தேய்க்கிற பீர் மைதீன் அத்தானுக்குப் பழக்கம். உச்சியில் எண்ணெய் வைத்துத் தட்டும்போது, "கொஞ்சம் தவிலு மாதிரித் தட்டும் வே" என்று கேட்டிருக்கிறார்.

"எனக்குத் தவிலு வாசிக்கத் தெரிஞ்சா உங்க தலையில எதுக்கு அண்ணாச்சி வாசிக்கேன்?" என்றாராம் பீர் மைதீன்.

கூத்து இதோடு நின்றிருந்தால் சரி. அடுத்த முகூர்த்தத்தில் சொரிமுத்து செட்டு என்று தெரிந்ததும், அத்தான் யாரும் பார்க்காத நேரம் விறகின்மேல் குடம் குடமாகத் தண்ணீர் ஊற்றிவிட்டார். அன்றைக்கென்று பார்த்து வெயில் சுள்ளென்று அடித்தது. கல்யாண வீட்டுக்காரர் ஈர விறகையும் பார்த்தார், வானத்தையும் பார்த்தார், அத்தானின் நனைந்த வேட்டியையும் பார்த்தார். ஊர் முழுக்கச் சிரித்தது. 'கை ருசிதான், ஆனா நேரத்துக்குச் சோறு வராது' என்று பேச்சு கிளம்பி, இரண்டு வீட்டார் வேறு ஆளைத் தேடிப் போய்விட்டார்கள். அக்கா அவரைக் குற்றாலத்துக்கு இழுத்துப்போய், அம்பாள் சன்னதியில் நிறுத்தி, இனிமேல் நேரத்துக்கு இலை போடுவேன் என்று சத்தியம் வாங்கினாள்.

அத்தான் சத்தியத்தைக் காப்பாற்றினார். தாலி ஏறும், தோடியோ கரகரப்பிரியாவோ மெல்லத் தலை தூக்கும், இவரே "போலே, இலை போட்டாச்சுன்னு சொல்லு" என்று ஆளை அனுப்பிவிட்டுச் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொள்வார். திருவிழாவில் கேட்கலாமே என்றால், அங்கேயும் அன்னதானத்துக்கு இவர்தான் அடுப்படியில். கேலி பண்ணுகிற எனக்கே அவரைப் பார்க்கப் பாவமாக இருந்தது. ஒரே ஒரு ராகத்தை முழுசாகக் கேட்டுவிட வேண்டும், அவ்வளவுதான் அவருடைய ஆசை. அவர் தொழில்தான் அதற்குக் குறுக்கே நின்றது.

அறுபத்திரண்டில் அவர் மகள் குழல்வாய்மொழிக்குக் கல்யாணம் நிச்சயமானது. மாப்பிள்ளை எப்படி, நகை எப்படி என்று நாங்கள் பேசிக்கொண்டிருக்க, அத்தான் முகத்தில் வேறு ஒரு வெளிச்சம். பெண்ணைப் பெற்றவர் கரண்டி பிடிக்க முடியாது. முன்வரிசையில்தான் உட்காரவேண்டும்.

மறுநாளே ராயகிரிக்கு பஸ் ஏறிவிட்டார். அங்கே நடந்ததை அவர் வாயாலேயே கேட்டேன்.

"உங்களத் தெரியாமலா?" என்றாராம் சொரிமுத்து. "கல்யாணத்துக்குக் கல்யாணம் என் ராகத்தக் கழுத்தப் பிடிச்சு நிறுத்துத ஆளு நீங்கதான."

"எம்மக கல்யாணத்துல யாரும் கை காட்ட மாட்டாங்க அண்ணாச்சி. நீங்களா முடிச்சாத்தான் உண்டு."

"சம்பந்தி பசியில இருப்பாரே?"

"அது என் பாடு."

அது என் பாடு என்று லேசாகச் சொல்லிவிட்டு வந்துவிட்டார். சம்பந்தி ஞானசம்பந்தம் பிள்ளை திருநெல்வேலியில் தாலுகா ஆபீஸ் தலைமைக் குமாஸ்தா. வயிற்றுப்புண். பதினோரு மணிக்குச் சாப்பிடவேண்டும் என்று டாக்டர் உத்தரவு. பசி வந்தால் மனுஷருக்குக் கோபம் கண்மண் தெரியாது என்று பெண் பார்க்க வந்த அன்றே அந்த வீட்டு அம்மாள் என்னிடம் சொல்லிவைத்திருந்தாள்.

தென்காசியில்தான் கல்யாணம். சமையல் பிச்சைமணி. தாலி ஏறியது. சொரிமுத்து தோடியைத் தொட்டார். அத்தான் ஜமக்காளத்தில் முதல் ஆளாகச் சம்மணம் போட்டுக் கண்ணை மூடிக்கொண்டார். பிச்சைமணி யாரிடம் தொழில் கற்றவன்? கொஞ்ச நேரத்திலேயே என்னிடம் வந்து நின்றான்.

"அக்கா, இலை போட்டாச்சு. ரசம் ஆறுது."

நான் போய் அத்தான் காதில் சொன்னேன்.

"ஆறட்டும்" என்றார்.

"அத்தான், சம்பந்தி வாட்ச்சப் பாக்காக."

"பாக்கட்டும்."

தோடி வளர்ந்துகொண்டே போனது. உண்மையைச் சொல்கிறேன், பிறந்ததிலிருந்து கல்யாணங்களில் ராயகிரி செட்டைக் கேட்கிற எங்களுக்கும் பாதிக்கு அந்தப்பக்கம் என்ன இருக்கிறது என்று தெரியாது. இப்போதுதான் தெரிந்தது. உடம்பெல்லாம் எனக்குப் புல்லரித்தது. ஆனால் சம்பந்தி எழுந்துவிட்டார். நேரே அத்தானிடம் வந்தார்.

"என்ன வே, இந்த மேளம் எந்திரிக்குமா எந்திரிக்காதா? இல்ல, நாங்க எந்திரிச்சு ஊருக்குப் போகவா?"

கூடத்தில் எல்லாத் தலையும் இந்தப் பக்கம் திரும்பியது. மணையில் குழல்வாய்மொழியின் முகம் வெளுத்துவிட்டது. கையைக் காட்டுங்கள் என்று அக்கா தூரத்திலிருந்து ஜாடை காட்டினாள். சொரிமுத்து நாயனத்தை வாயிலிருந்து எடுக்காமலே அத்தானைப் பார்த்தார். அத்தான் கை மடியிலிருந்து கிளம்பியது. போச்சு என்று நினைத்தேன். கிளம்பிய கை சம்பந்தியின் தோளைப் பிடித்து, மேளத்துக்கு நேர் எதிரே ஜமக்காளத்தில் உட்காரவைத்தது.

"மேளம் முன்னால இருந்தாத்தான சம்பந்தி இலையில உக்காரணும்? இந்தா, மேளம் முன்னால இருக்கு. ஏட்டி அகிலாண்டம், சம்பந்திக்கு இலைய இங்கன கொண்டுவா."

நான் ஓடினேன். இலை, தண்ணீர், பருப்பு, நெய், எல்லாம் கூடத்துக்கு வந்தன. சொரிமுத்து வாசிக்க, சம்பந்தி சாப்பிட, அத்தான் பக்கத்தில் உட்கார்ந்து விசிறினார். வழக்கம் பிசகாததால் பசித்தவர்களெல்லாம் பந்திக்கு நழுவினார்கள். மற்றவர்கள் அசையவில்லை. முதலில் முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டு பிசைந்த சம்பந்தி, சாம்பார் சாதத்தில் பாதியில் நிறுத்தியவர்தான், கை காய்கிறவரைக்கும் அடுத்த கவளம் எடுக்கவில்லை.

சொரிமுத்து தானாக முடித்து, நாயனத்தை மடியில் வைத்தார். அத்தான் அழுதார், சிரித்தார், சம்பந்தியைக் கட்டிப்பிடித்தார். பிறகு ஆளைக் காணோம். தேடிப்போனால், சரிகை வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு அடுப்படியில் புதிதாக ரசம் கூட்டிக்கொண்டிருக்கிறார். பெண்ணைப் பெற்றவர் இப்படியா என்று அக்கா தலையில் அடித்துக்கொண்டாள்.

கடைசிப் பந்தியில் மேளக்காரர்கள் உட்கார்ந்தார்கள். அத்தானே நுரை அடங்காத ரசத்தைத் தூக்கிக்கொண்டு வந்தார். சொரிமுத்து வழக்கம்போல வேண்டாம் என்று கையை மறித்தார். ஆவி மூக்கில் பட்டிருக்க வேண்டும். மறித்த கை அப்படியே குவிந்தது. ஒரு கை குடித்தார். மறுபடி நீட்டினார். அதற்கப்புறமும் நீட்டினார்.

"அண்ணாச்சி, இத எத்தன வருசமா வைக்கீங்க?"

"இருபத்தஞ்சு வருசமா இதே ரசந்தான்."

"எங்களுக்கு வந்து சேரையில பச்சத்தண்ணியால்லா இருக்கும். ஒரு நாள் தொட்டுட்டு அப்புறம் விட்டுட்டேன்" என்ற சொரிமுத்து, குவித்த கையைக் கீழே போடாமலே அத்தானை நிமிர்ந்து பார்த்தார். "இப்படி ஒண்ணு இருக்குன்னு எனக்கு யாருமே சொல்லலையே."