ஐந்து குறோஸில் ஏழு வடை குறைவு

போன வெள்ளிக்கிழமை என் சொந்த அண்ணையை நானே கள்ளனாக்கப் பார்த்தேன். அதற்குப் பெரிய ஆயுதம் ஒன்றும் தேவைப்படவில்லை. ஒரு பெருக்கல் கணக்கே போதுமாக இருந்தது.

பயப்படாதீர்கள், கடைசியில் வென்றது நான்தான். இந்தப் பத்தியில் நான் தோற்ற கதைகளையே எத்தனை வாரம்தான் படிப்பீர்கள்?

கொழும்பில் என் சிநேகிதியின் மகளுக்குக் கல்யாணம். வருகிறவர்களுக்குக் கொடுத்துவிடப் பருத்தித்துறை வடை வேண்டுமாம். தட்டையாக, மொறுமொறுவென்று, நாள்பட வைத்தாலும் கெடாத அந்த வடைதான். பருத்தித்துறையில் என் அண்ணையின் மனைவி ராசமணி மச்சாள் அதைச் சுட்டுக் கடைகளுக்குக் கொடுக்கிறார். சிநேகிதி எனக்கு வாட்ஸ்அப்பில் ஒரே வரியில் அனுப்பியிருந்தாள்: "ஐஞ்சு குறோஸ் வடை, அறுபது பெட்டியில்."

அவளுடைய கணவருக்குப் புறக்கோட்டையில் சட்டைப் பொத்தான் மொத்த வியாபாரம். நாங்கள் தெறி என்போமே, அதுதான். அந்த வீட்டில் எல்லாமே குறோஸ் கணக்குத்தான். பிள்ளைகளை மட்டும் ஒவ்வொன்றாகப் பெற்றார்கள்.

செய்தியை அப்படியே மச்சாளுக்கு அனுப்பினேன். வியாழக்கிழமை போன் வந்தது.

"வசந்தி, குறோஸ் எண்டால் நூறுதானே? ஐந்நூறுக்கு உழுந்து அளந்து வைச்சிருக்கிறன்."

"ஐயோ மச்சாள்! பன்னிரண்டு டசின்தான் ஒரு குறோஸ். நூற்றி நாப்பத்தி நாலு. ஐஞ்சு குறோஸ் எண்டால் எழுநூற்றி இருபது!"



"உந்த டசின், குறோஸ் எல்லாம் தெறிக்குச் சரி. வடைக்கு நூறுதான்," என்றார் மச்சாள். ஆனாலும் மிச்ச உழுந்தையும் அளந்தார்.

பார்த்தீர்களா? இருநூற்றி இருபது வடை குறைந்து, கல்யாண வீட்டில் என் மானம் போகவிருந்ததை ஒரே மூச்சில் தடுத்தேன். அந்தப் பெருமையில், பெட்டி கட்டவும் நானே நிற்பது என்று முடிவெடுத்து, வெள்ளி காலை நல்லூரில் இருந்து பஸ் ஏறிவிட்டேன்.

அண்ணையைப் பற்றியும் சொல்லவேண்டும். நாற்பது வருடம் கடலுக்குப் போன மனிதர். போன வருடம் நெஞ்சில் ஒப்பரேஷன். இனிக் கடலும் இல்லை, எண்ணெய்ச் சாப்பாடும் இல்லை என்று டொக்டர் சொல்லிவிட்டார். சொன்னவருக்கு என்ன… வீட்டில் காலையில் இருந்து பின்னேரம் வரை வடை அல்லவா பொரிகிறது! அந்த வாசத்துக்குள் இருந்துகொண்டு அண்ணை விறகு கொத்துகிறார், பெட்டி மடிக்கிறார். வீடு இப்போது மச்சாளின் உழைப்பில் ஓடுகிறது. அது அண்ணையின் மனதை அறுப்பது எனக்குத் தெரியும். வாய் திறந்து சொல்லமாட்டார்.

மூன்று மணிக்குச் சுட்டு முடிந்தது. "எழுநூற்றி இருபது. நானே எண்ணினனான்," என்று சொல்லிவிட்டு மச்சாள் கை கழுவப் போனார். நானும், உதவிக்கு வந்த அயல்வீட்டுப் பெண்கள் இருவரும் வடை குவிந்திருந்த பெரிய பேசினைச் சுற்றி உட்கார்ந்தோம். பெட்டிக்குப் பன்னிரண்டு.

ஐம்பத்தொன்பது பெட்டி நிறைந்தது. அறுபதாவதுக்கு ஐந்தே ஐந்து வடை.

பெட்டிகளைத் திறந்து திரும்ப எண்ணினோம். எல்லாவற்றிலும் பன்னிரண்டுதான். ஏழு வடை குறைகிறது.

மச்சாளின் பார்வை நேரே அண்ணையிடம் போனது.

"எங்கை ஏழு வடை?"

"என்னைக் கேட்டால்?"

"வேறை ஆரைக் கேக்கிறது? உங்கடை வாய்க்கு ஒரு பூட்டுப் போடேலாதோ? கல்யாணத்துக்குப் போற சாமானிலையும் களவெடுக்க வேணுமோ?"

"உந்த ஏழு வடையும் நான் எடுக்கேல்லை," என்றார் அண்ணை. மெதுவாகத்தான் சொன்னார். அயல்வீட்டுப் பெண்கள் இருவரும் தலையைக் குனிந்துகொண்டார்கள். அண்ணை மடித்துக்கொண்டிருந்த பெட்டியைக் கீழே வைத்துவிட்டு, எழுந்து கிணற்றடிக்குப் போய் நின்றார்.

யோசித்துப் பாருங்கள், என் நிலைமையை. ஒன்றில் என் கணக்குப் பிழை, அல்லது என் அண்ணை கள்ளன்! வாழ்க்கையில் முதல் தடவையாக, என் கணக்குப் பிழைக்க வேண்டும் என்று நல்லூரானை வேண்டினேன். கடதாசியில் பெருக்கினேன். போனில் தட்டினேன். அறுபது தரம் பன்னிரண்டு, எழுநூற்றி இருபது. நாசமாய்ப் போன கணக்கு, சரியாகவே வந்து நின்றது.

"சந்திக் கடையிலை ஏழு வடை வாங்கிப் போடுவமே?" என்று உதவிக்கு வந்தவர்களில் ஒருத்தி மெல்லக் கேட்டாள்.

"என்ரை பெட்டிக்குள்ளை வேறை ஆக்களின்ரை வடையோ?" மச்சாள் சீறினார். புதிதாகச் சுடுவதென்றால் உழுந்து ஊறவேண்டும். கொழும்பு பஸ் ஆறு மணிக்கு.

எனக்கு அந்த ஏழுதான் உறுத்தியது. களவாய்த் தின்கிற மனிதர் ஒன்று எடுப்பார், ஆசைக்கு இன்னொன்று எடுப்பார். இருந்த இடத்தில் ஏழா? அதுவும் நெஞ்சில் தையல் போட்டவர்? ஏழு… எழுநூற்றி இருபதில் எத்தனை நூறு?

கடதாசியைக் கீழே போட்டேன்.

"மச்சாள், நீங்கள் வடை எண்ணிற மாதிரி ஒருக்கால் எண்ணிக் காட்டுங்கோ."

"விசரே உனக்கு? நேரம் போகுது!"

"காட்டுங்கோ எண்டிறன்!"

முணுமுணுத்துக்கொண்டே தன் வழக்கமான மர வாங்கில் உட்கார்ந்தார். ஒரு கைக்கு ஐந்து வடை. அப்படி இருபது கை போட்டால் நூறு. வெறுங்கையால் எண்ணிக்கொண்டே போனார். "…பதினெட்டு, பத்தொன்பது…" இருபதாவது கையில் நாலு வடையைப் பேசினுக்குள் போடுவதுபோலக் காட்டினார். ஐந்தாவதைப் போட, கை தன்பாட்டில் வாங்குக்குக் கீழே போனது.

போன கை அப்படியே நின்றது.

வாங்குக்குக் கீழே ஒரு பழைய தகர பிஸ்கட் ரின். ஒவ்வொரு நூறாவது வடையையும் மச்சாள் அதற்குள் போடுவார். அடுப்படியில் ஆயிரம் கதை நடக்கும், எண்ணிக்கை மறந்துபோகும்… ரின்னுக்குள் எத்தனை வடையோ அத்தனை நூறு. கடைக்காரர் வந்ததும் அவருக்கு முன்னால் ரின்னைத் திறந்து எண்ணி, அந்த வடைகளையும் அவருடைய பைக்குள் கொட்டிவிடுவார். அன்றைக்குக் கடைக்காரர் வரவில்லை. ஏழு நூறும் நினைவிலேயே நின்றதால் மச்சாள் ரின்னைத் திறக்கவும் இல்லை. நாங்கள் டசின் டசினாக எண்ண, ரின்னை ஒருவரும் நினைக்கவில்லை.

திறந்தோம். ஏழு வடை!

ஐந்தும் ஏழும் பன்னிரண்டு. அறுபதாவது பெட்டியை மூடியபோது நான் போட்ட கூச்சலில் முற்றத்துக் கோழிகள் வேலிக்கு மேலால் பறந்தன. பள்ளிக்கூடத்தில் நான் கணக்கில் வாங்கிய மாக்ஸை இங்கே சொல்லப்போவதில்லை. ஆனால் அந்த வாத்தியார் அன்றைக்கு அங்கே நின்றிருக்க வேண்டும்!

நூறை டசினாக்க இரண்டு நிமிடம் போதும். நூறாகவே எண்ணிப் பழகிய கையை எப்படி மாற்றுவது? அது எங்கள் ஒருவருடைய மூளைக்கும் எட்டவில்லையே.

அண்ணை கிணற்றடியை விட்டு அசையவில்லை.

"சனத்துக்கு முன்னாலை கள்ளன் எண்டனி. சனத்துக்கு முன்னாலையே இல்லையெண்டு சொல்லு."

மச்சாள் நேரே வாசல் படலையடிக்குப் போனார். சேலைத் தலைப்பை இழுத்துச் செருகினார். தெருவைப் பார்த்து, சந்திவரைக்கும் கேட்கிற குரலில், "என்ரை மனுசன் வடை எடுக்கேல்லை! நான்தான் பிழை விட்டனான்!" என்று கத்தினார். விசயமே தெரியாமல் இருந்த வீட்டுக்காரர் எல்லாரும் வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்தார்கள். திரும்பி வந்த மச்சாளின் கண் கலங்கியிருந்தது. "என்னை மன்னிச்சுக்கொள்ளுங்கோ," என்றார். அண்ணையின் முகத்தைப் பார்க்க வேண்டுமே! முப்பத்தைந்து வருடக் கல்யாணத்தில் அவர் இந்த வார்த்தையைக் கேட்டது அதுதான் முதல் தடவையாம்.

பெட்டிகளை ஓட்டோவில் ஏற்றி, பஸ் நிலையம் வரைக்கும் அண்ணைதான் கொண்டுவந்தார். நடையைப் பார்த்தால் வள்ளம் நிறைய மீனோடு கரைக்கு வந்தவர் போல இருந்தது. கொழும்பு பஸ் சரியாக ஆறு மணிக்குப் புறப்பட்டது, எங்கள் ஐந்து குறோஸோடு.

யாழ்ப்பாண பஸ்ஸுக்கு நான் காத்து நிற்க, அண்ணை கிட்ட வந்தார். இரண்டு பக்கமும் பார்த்தார்.

"தங்கச்சி, ஒண்டு கேக்கட்டே? காலமை அவ எண்ணத் தொடங்க முந்தி… ரெண்டு வடை எடுத்தனான். அது உந்த ஐஞ்சு குறோஸுக்குள்ளை வருமோ?"

பெருக்கிப் பார்த்தேன். வரவில்லை.