மகளின் கையிலிருந்து பறித்த அப்பம்

என் மகள் கையை ஏந்துவாள் என்று நான் எதிர்பார்க்கவே இல்லை.

மவுண்ட் ஆல்பர்ட்டுக்குக் குடிவந்த பிறகு, பக்கத்திலிருக்கும் ஆங்கிலிக்கன் தேவாலயத்துக்குப் போகத் தொடங்கினோம். நாங்கள் என்றால் நானும் ஏழு வயது மகளும். கணவருக்கு நகரின் தெற்கே மனுகாவில் ஞாயிற்றுக்கிழமையும் வேலை. அன்று திருவிருந்துக்கு மகளையும் கூட்டிக்கொண்டு முன்னால் போய் முழந்தாளிட்டேன். குருவானவர், நரைத்த குட்டை முடியுள்ள ஒரு பெண், என் கையில் அப்பத்தை வைத்தார். உட்கொண்டேன். மகளுக்குத் தலையில் கைவைத்து ஆசீர்வாதம் சொல்வார் என்று பார்த்தால், இவள் இரண்டு கையையும் ஏந்தினாள். அவர் சிரித்தபடி அதிலும் ஒரு அப்பத்தை வைத்துவிட்டு அடுத்தவரிடம் போய்விட்டார்.

நான் பறித்துவிட்டேன். சுடுசட்டியைத் தொடப்போகிற பிள்ளையை இழுப்பதுபோல, யோசிக்காமல். பறித்த பிறகுதான் முழி பிதுங்கியது. அது கிறிஸ்துவின் உடல்; திருப்பிக் கொடுக்க முடியாது, கீழே வைக்க முடியாது, கைப்பைக்குள் போடக் கூடாது. வேறு வழியில்லாமல் நானே வாயில் போட்டுக்கொண்டேன். அன்று அந்தச் சபையிலேயே இரண்டு அப்பம் தின்றவள் நான் ஒருத்திதான். மகளின் கை விரித்தபடியே இருந்தது.

யாழ்ப்பாணத்தில் நான் வளர்ந்த சபையில், ஞானஸ்நானம் பெற்றாலும் திடப்படுத்தல் ஆகும்வரை அப்பம் கிடையாது. பேராயர் வந்து தலையில் கைவைக்க வேண்டும். அதற்கு முன் வகுப்புக்குப் போய், பத்துக் கட்டளையும் விசுவாசப் பிரமாணமும் தண்ணீர்பட்ட பாடாக ஒப்புவிக்க வேண்டும். எனக்குப் பதினைந்து வயதில்தான் கிடைத்தது. அதுவரைக்கும் பெரியவர்கள் எழும்பிப் போக, வாங்குப் பலகையில் இருந்தபடி அவர்களின் முதுகைப் பார்த்துக்கொண்டிருப்பேன்.

ஆராதனை முடிந்து எல்லோரும் தேநீர் குடிக்கும்போது குருவானவரைப் பிடித்துக்கொண்டேன். திடப்படுத்தல் இல்லாமல் எப்படிக் கொடுப்பீர்கள் என்று கேட்டேன். குரல் கொஞ்சம் ஏறித்தான் இருந்தது. இங்கே ஞானஸ்நானமே போதும் என்றார். திருவிருந்து என்னவென்று அவளுக்கு விளங்காதே என்றேன். தனக்கே இன்னும் முழுக்க விளங்கவில்லை என்றார் அவர். ஒரு குருவானவர் இப்படிச் சொல்லலாமா? கையிலிருந்த பிஸ்கட்டைத் தட்டில் வைத்துவிட்டு மகளைத் தேடிப் போனேன்.

வீட்டுக்கு நடந்து வரும்போது, நான் என்ன பிழை செய்தேன் என்று மகள் ஆங்கிலத்தில் கேட்டாள்.

"பிழையொண்டுமில்லை. நீங்கள் கொஞ்சம் பொறுத்திருக்கோணும்" என்றேன்.

எவ்வளவு நாளைக்கு என்றாள். வீதியைக் கடக்க அவளின் கையைப் பிடித்தேன்.

அந்தக் கிழமை முழுக்க இருப்புக் கொள்ளவில்லை. வேலையிடத்தில் ஒரே மின்னஞ்சலை மூன்று தரம் வாசித்தேன். வீட்டில் சோற்றை அடிப்பிடிக்க விட்டேன்.

"நீர் ஏன் இப்பிடி அந்தரப்படுறீர்? பிள்ளை கேட்டது அப்பம்தானே, நஞ்சில்லையே" என்றார் கணவர்.

"உங்களுக்கென்ன, ஞாயிறு வேலையெண்டு தப்பியிடுவீங்கள்" என்று அவர்மேல் பாய்ந்தேன்.

அடிப்பிடித்த சட்டியைத் தேய்த்துக்கொண்டிருக்கும்போதுதான் எனக்கே உறைத்தது. எனக்குப் பொறாமை. அத்தனை வருஷம் வாங்கில் காத்திருந்து நான் வாங்கியதை இவள் கையை நீட்டியே வாங்கிவிட்டாள். பெற்ற பிள்ளைமேல் பொறாமைப்பட்டது வெட்கமாக இருந்தது. அப்படி எல்லாம் விளங்கித்தான் நான் வாங்கினேனா என்றால் அதுவும் இல்லை. பேராயர் என் தலையில் கைவைத்தபோது, வெள்ளைச் சட்டையில் ஊத்தை பிரளக் கூடாதே என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

அடுத்த ஞாயிறு அவளை விட்டுவிடுவது என்று முடிவெடுத்தேன். அதை அவளிடம் சொல்லவில்லை. நான் தடுக்காவிட்டால் தானாக வாங்கிக்கொள்வாள் என்று நினைத்தேன்.

முழந்தாளிட்டோம். குருவானவர் அப்பத்தோடு அவளிடம் குனிந்தார். மகள் இரண்டு கையையும் நெஞ்சின் குறுக்கே கட்டிக்கொண்டாள். ஆசீர்வாதம் மட்டும் போதும் என்பதற்கு இங்கே அதுதான் அடையாளம். யாரைப் பார்த்துப் பழகினாளோ தெரியாது. குருவானவர் என்னைப் பார்த்தார். அப்பத்தை வாங்குங்கோ அம்மா என்று மகளிடம் நான் ஒரு சொல் சொல்லியிருக்கலாம். அவர் அவளுடைய தலையில் கைவைத்துவிட்டு நகர்ந்தார்.

"இப்ப சரியா, அம்மா?" என்று மகள் கிசுகிசுத்தாள்.

ஓம் என்று தலையாட்டிவிட்டேன்.