மாட்டுக்குப் பல் பார்க்கிறவர்

பாரூரிலிருந்து என்னை நாகரசம்பட்டிப் பக்கம் கட்டிக் கொடுத்தது ஒரு தை மாதம். அன்றைக்கு என் வாயில் ஒரு சொத்தைப் பல் கிடையாது. இன்றைக்கும் கடைவாயில் இரண்டு போனது தவிர மற்றதெல்லாம் என்னுடையதுதான். சொல்லிக்கொள்ள எனக்கென்ன வெட்கம்?

எங்கள் வீட்டில் வேப்பங்குச்சி, இல்லையென்றால் புங்கங்குச்சி. நுனியைப் பஞ்சுபோல மென்ற பிறகுதான் பல்லில் வைப்போம். தேய்த்து முடித்ததும் அதே குச்சியை இரண்டாகப் பிளந்து நாக்கை வழிப்போம். எதைத் தின்றாலும் வாய் கொப்பளிப்போம்.

புகுந்த வீட்டில் செங்கல் தூள். என் வீட்டுக்காரர் அதை விரலில் தொட்டு, அண்டா விளக்குகிற மாதிரி தேய்ப்பார். துப்பினால் ரத்தம் வரும். ரத்தம் வந்தால்தான் அழுக்கு போனதாக நினைப்பு. அதற்கு மேல் புகையிலை. பல்லிடுக்கில் மாம்பழ நார் மாட்டினால் கருவேல முள்ளால் குத்தி எடுப்பார்.

நல்ல மனுஷர். என்னை ஒரு சொல் அதட்டியதில்லை. ஆனால் பக்கத்தில் வந்து பேசினால் மூச்சை அடக்கிக்கொள்வேன். முகத்தைத் திருப்பிக்கொள்வேன். புதுப் பெண், வாய் நாறுகிறது என்று புருஷனிடம் எப்படிச் சொல்வேன்?

அவர் வேறு மாதிரி நினைத்துவிட்டார். ஏரித் தண்ணீரில் நெல்லும் கரும்பும் பார்த்து வளர்ந்தவளுக்கு மேட்டாங்காட்டு மாந்தோப்பு வீடு பிடிக்கவில்லை என்று. ஆடிக்குப் பெண்ணழைக்க இன்னும் இரண்டு மாதம் கிடக்க, வைகாசியில் ஒரு காலையில் வண்டியைப் பூட்டினார்.

"கெளம்பு. உங்க ஊட்ல உட்டுட்டு வர்றன்."

"இப்ப எதுக்குங்க?"

"கொஞ்ச நாள் இரு. திரும்பி வரத் தோணுனா சொல்லி அனுப்பு."

ஆடிக்கு முன்னால் வந்து நிற்கிற பெண்ணை ஊர் என்ன பேசும் என்று தெரியாதா? அதைவிட, அவரை விட்டு இருக்க எனக்கு மனசில்லை. அதையும் சொல்லத் தெரியவில்லை. வழி நெடுக இரண்டு பேரும் வாய் திறக்கவில்லை.

பாரூர் ஏரிக்கரையில் மாடுகளை அவிழ்த்துத் தண்ணீர் காட்டினார். மாட்டுக்குப் பல் பார்த்து வயசு சொல்வதில் அவர் கெட்டிக்காரர். அதை அறிந்த ஒருவர், புதிதாக வாங்கிய காளையை ஓட்டிக்கொண்டு வந்தார்.

"அண்ணா, ஆறு பல்லுதான், இளசுன்னு சொல்லிக் குடுத்தான். கொஞ்சம் பாருங்க."

இவர் காளையின் உதட்டைத் தூக்கினார். "எட்டும் மொளைச்சு ரெண்டு வருசம் ஆச்சு. ஆனா ஈறு நல்லா இருக்குது. ஓட்டிட்டுப் போ."

அந்த ஆள் நகர்ந்ததும் எனக்கு எங்கிருந்து தைரியம் வந்ததோ.

"ஊரான் மாட்டுக்கெல்லாம் ஈறு பாக்கறீங்க. உங்க ஈற யாரு பாக்கறது?"

"என் ஈறுக்கு என்னா?"

"அழுவிப் போச்சுங்க. கிட்ட வந்தா வாடை தாங்கல. அதுக்குத்தான் மூஞ்சத் திருப்பறன். ஊடு புடிக்காம இல்ல."

அவர் என் எதிரே வந்து உட்கார்ந்து, உதட்டைத் தூக்கிக் காட்டினார்.

"நீயே பாத்துச் சொல்லும்மே. வெல போவுமா?"

தாடையைப் பிடித்துப் பார்த்தேன். கல்யாணமாகி நானாக அவர் முகத்தைத் தொட்டது அன்றைக்குத்தான். ஈறு வீங்கிச் சிவந்து, இடுக்கில் செங்கல் தூள் அப்பியிருந்தது. முள் குத்திய இடம் சீழ் கட்டியிருந்தது.

"பொகையிலய உட்டா போவும்" என்றேன்.

என்னை இறக்கிவிட்டுத் திரும்பிவிடுவதாக வந்தவர், மூன்று நாள் என் தாய்வீட்டில் தங்கினார். காலையில் வேப்பங்குச்சியை நானே பஞ்சுபோல மென்று கொடுத்து, மெதுவாகத் தேய்க்கச் சொன்னேன். சோறு தின்ற ஒவ்வொரு தடவையும் வெதுவெதுப்பான உப்புத் தண்ணீர் கொடுத்தேன்.

"மாப்பிள்ளைய இப்பிடியாடி வேலை வாங்குவ?" என்றாள் அம்மா.

"நான்தான் கேட்டன் அத்தை" என்றார் அவர், வாய் நிறையத் தண்ணீரோடு.

நாலாம் நாள் இருவரும் வண்டியேறினோம். ஈறில் ரத்தம் நின்றிருந்தது. வாடை பாதிதான் போயிருந்தது. அவர் வழியெல்லாம் பேசிக்கொண்டே வந்தார். மீதிப் பாதியைப் பொறுத்துக்கொண்டு, அவர் முகத்தைப் பார்த்தே கேட்டுக்கொண்டு வந்தேன்.