ஏழு வருடமும் ஒரு மொண்ணைப் பிச்சுவாவும்

கத்தியால் நான் யாரையும் ஒன்றும் செய்ததில்லை. வாயால் ஒருவனை ஏழு வருடம் உள்ளே தள்ளப் பார்த்திருக்கிறேன்.

காரைக்குடியில் எனக்குப் பழைய சாமான் கடை. இடிக்கிற வீடுகளிலிருந்து வரும் தூண், நிலைக்கதவு, பீங்கான் ஜாடி எல்லாம் இருக்கும். எட்டாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். பேச்சை மட்டும் கடைக்கு வருகிறவர்களிடமே படித்துக்கொண்டேன். எங்கள் தொழிலில் எடுத்த எடுப்பில் விலை சொல்ல மாட்டோம். பொருளைக் கையில் கொடுத்து, அதன் வரலாற்றைச் சொல்வோம். வரலாறு போதவில்லை என்றால் நாங்களே கொஞ்சம் போட்டுக்கொள்வோம்.

போன வருடம் ஒரு மத்தியானம், இருபத்தைந்து வயதிருக்கும், ஒருவன் வந்து பிச்சுவாக் கத்தி ஒன்றைப் பார்த்துக்கொண்டு நின்றான். வழக்கம்போல எடுத்துக் கையில் கொடுத்தேன்.

“ஜமீன் வீட்டுச் சாமான் தம்பி. அலகு மேல ஒரு முடிய ஊதிவிட்டா ரெண்டாப் போகும். பாத்துப் பிடி.”

அவன் பார்த்துத்தான் பிடித்தான். அந்த நேரம் பார்த்து என் மனைவி சாப்பாட்டுக் கேரியரோடு உள்ளே வந்தாள். பிச்சுவா அவள் கழுத்துப் பக்கம் திரும்பியது.

“அக்கா, செயினக் கழட்டுங்க.”

எனக்கு நாக்கு ஒட்டிக்கொண்டது. அவளுக்கு ஒட்டவில்லை. “கொக்கி பின்னால இருக்குய்யா. நீ கத்திய எடுத்தாத்தான நான் கையத் தூக்க முடியும்?”

அவன் நியாயம்தானே என்று கத்தியைச் சற்றுத் தள்ளிப் பிடித்தான். அவ்வளவுதான், நாலடுக்குக் கேரியர் அவன் தலையில் இறங்கியது. ஆள்கள் கூடியபோது அவன் நெற்றியில் ரத்தம் எது, சாம்பார் எது என்று தெரியவில்லை. நாலு தையல். ஜாமீனுக்கு ஆள் இல்லாததால் அன்றிலிருந்து உள்ளேயே இருந்தான்.

கொள்ளை முயற்சி என்று வழக்கு சிவகங்கை கோர்ட்டுக்குப் போனது. முதல் சாட்சி நான். அரசு வக்கீல் பிச்சுவாவை என் கையில் கொடுத்து, “அன்று அவன் வைத்திருந்தது இதுதானா?” என்றார்.

ஆமாம் என்று ஒரே வார்த்தையில் முடித்திருக்கலாம். ஆனால் கை பொருளைத் தொட்டதும் வாய் கடையைத் திறந்துவிட்டது.

“இதேதான் சார். சுத்தமான எஃகு. நூத்தம்பது வருசத்துச் சாமான். எலுமிச்சம்பழத்த மேலருந்து விட்டா, கீழ வர்றப்ப ரெண்டா வரும். இப்படி வேலை இன்னைக்கு யாரு செய்யிறா?”

நீதிபதி அம்மா நிமிர்ந்தார். “நீங்கள் சாட்சி சொல்கிறீர்களா, விற்கிறீர்களா?”

எல்லோரும் சிரித்தார்கள். கூண்டில் நின்ற அவனும், பின்வரிசையில் இருந்த என் மனைவியும் மட்டும் சிரிக்கவில்லை.

சாப்பாட்டு இடைவேளையில் ஏட்டு ஒருவர் வராந்தாவில் என்னைப் பிடித்தார். “என்னண்ணே, பயல ஒரேயடியா அமுக்கிட்டீக?”

“நான் என்ன செஞ்சேன்?”

“பறிக்கப் பாத்ததுக்கு மட்டும்னா ஏழு வருசம் வரைக்கும் குடுக்கலாம். ஆறு மாசமும் குடுக்கலாம், அது ஜட்ஜம்மா பாடு. ஆளக் கொல்ற ஆயுதத்தோட நின்னாம்னு ஆயிருச்சுன்னா ஏழுக்குக் கீழ இறங்கவே முடியாது, அவுகளே நெனச்சாலும். கத்தி கூரா மொண்ணையாங்கிறதுதான் இப்பக் கேள்வி. நீங்க வாயாலயே சாணை பிடிச்சுக் குடுத்துட்டீக.”

ஏட்டு சொன்னது மனைவி காதிலும் விழுந்திருந்தது. அவள் என்னை விடவில்லை. “அதுல நான் ஒருநா மாங்கா நறுக்கப் பாத்தேன். தோலு கூடச் சீவல. குத்துனாலும் இறங்காது. அதுக்கு ஏழு வருசமா?”

“உன் கழுத்துலதான வச்சான்?”

“வச்சான். அதுக்கு உள்ள இருக்கட்டும். ஒங்க வாய்க்கும் சேத்து அவன் எதுக்கு இருக்கணும்?”

உண்மையைச் சொல்ல எனக்கு என்ன தடை என்று நீங்கள் கேட்கலாம். அந்தப் பிச்சுவாவின் ஜோடியை ஜமீன் வீட்டுச் சாமான் என்று நம்பிப் பொங்கலுக்கு வாங்கிப்போய்த் தன் வீட்டு ஹாலில் மாட்டியிருப்பவர் அரசு வக்கீல்தான்.

மத்தியானம் எதிர்த்தரப்பு வக்கீல், சின்ன வயசுப் பெண், எழுந்து கேட்டார். “இந்தக் கத்தி எந்தக் காலத்தது?”

“போன ஆடியில அடிச்சதும்மா.”

“நூற்றைம்பது வருடம் என்றீர்களே?”

“புளித்தண்ணியில ஊறப்போட்டு, ஈரமணல்ல பத்து நாள் புதைச்சா அந்த வயசு வந்துரும்.”

அரசு வக்கீலின் முகத்தை நான் பார்க்கவில்லை. பார்க்காமலே தெரிந்தது.

“சாணை பிடித்ததுண்டா?”

“இல்லம்மா. சுவத்துல மாட்டுற சாமானுக்குக் கூரு எதுக்கு?”

“அது கூரானது என்று குற்றம் சாட்டப்பட்டவருக்கு யார் சொன்னது?”

“நான்தான்.”

நீதிபதி அம்மா பேனாவை வைத்துவிட்டுப் பார்த்தார். “காலையில் அறுத்த எலுமிச்சம்பழம் இப்போது அறுபடாதா?”

“எப்பவுமே அறுபடாதும்மா. பழக்கதோஷம்.” நீதிபதி அம்மா பிச்சுவாவை வாங்கி, அலகில் விரலை அழுத்தி ஓட்டிப் பார்த்தார். விரலில் துரு மட்டும் ஒட்டியது. எனக்கு அடுத்துச் சாட்சி சொன்ன மனைவி மாங்காய்க் கதையையும் சொன்னாள்.

தீர்ப்பு நாளில் எங்களுக்கு வேலை இல்லை. ஆனாலும் போனோம். கொள்ளை முயற்சி குற்றம்தான், ஆனால் அதைக் கொடிய ஆயுதமாகக் கொள்ள முடியாது என்றார் நீதிபதி. ஏழுக்குக் கீழே வழி திறந்துவிட்டது. தண்டனை பற்றி ஏதாவது சொல்ல வேண்டுமா என்று அவனைக் கேட்டார்.

“மொதத் தடவம்மா. அந்தக்காவுக்கு ஒரு கீறல் கூட விழல. எனக்குத்தான் நாலு தையல்.”

அவனுடைய வக்கீல் தன் தலையில் கை வைத்துக்கொண்டார். நீதிபதி அம்மா, பழைய வழக்கு எதுவும் இல்லை, வயது குறைவு, காயமும் இல்லை என்று அவன் பக்கத்து நியாயத்தை எல்லாம் ஒத்துக்கொண்டார். எனக்கு மனசு லேசானது. அப்புறம் சொன்னார்: “கத்தி மொண்ணை என்று கடைக்காரருக்குத் தெரியும், அவர் மனைவிக்கும் தெரியும். நீ மட்டும் அதைக் கூர் என்று நம்பினாய். நம்பிக்கொண்டுதான் ஒரு பெண்ணின் கழுத்தில் வைத்தாய்.”

அவன் தலையைக் குனிந்துகொண்டான். எனக்கும் தலை நிமிரவில்லை.

இரண்டு வருடம் கடுங்காவல். ஏற்கெனவே உள்ளே இருந்த நாட்கள் அதில் கழியும்.

காரைக்குடி பஸ்ஸில் மனைவி டிக்கெட்டை வாங்கி மடித்து வைத்தாள். பிறகு, “ரெண்டு வருசம் சரிதான்” என்றாள். “கம்மியாவும் இல்ல, கூடவும் இல்ல.”

நானும் தலையாட்டினேன். அத்தோடு முடிந்தது என்று நினைத்தேன். அவள் என் பக்கம் நன்றாகத் திரும்பி உட்கார்ந்தாள்.

“ஆமா, என்னைப் பொண்ணு பாக்க வந்தன்னைக்கு எங்கப்பாகிட்ட என்னென்ன சொன்னீக? மெதுவா ஒவ்வொன்னாச் சொல்லுங்க, கேப்போம்.”